சகிமினின் இரண்டாம் பெயர்

ஜாவாவின் செமாராங் நகரத்தின் வடக்கே, மழை இல்லாத நாளிலும் கடல் தண்ணீர் ரோட்டுக்கு வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகிற பகுதியில் எங்கள் வாரியத்தின் கட்டடம் இருக்கிறது. மாகாண நலவாழ்வு நிரல் ஒழுங்கு வாரியம் என்பது முழுப்பெயர். அரசு மருத்துவமனைகளில் எந்த நோயாளி எந்த நாளில் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று சொல்கிற கணினி நிரலை நாங்கள்தான் எழுதுகிறோம். எழுதுகிறோம் என்றுதான் சொன்னேன், ஓட்டிப் பார்க்கிறோம் என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் புரியாமல்தான் என் பக்கத்து மேசை ஹர்தோயோ கெட்டுப்போனான்.

பெரிய ஆண்களைப் பாக், பெண்களைப் பு, இளைஞர்களை மாஸ் என்று அழைப்பது இங்கே மரியாதை. எங்கள் தலைவர் பாக் ஜத்மிகோ ஒருமுறை ஜகார்த்தாவுக்குப் போய் ஒரு கருத்தரங்கில் சாப்பிட்டுவிட்டு வந்தார். வரும்போது ஞானமும் கொண்டுவந்தார். நிரலில் வருகிற ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் அதற்குள் என்ன வரும் என்று வகைக்குறிப்பு எழுத வேண்டும். எண்ணா, எழுத்தா, தேதியா என்று. எழுதி முடித்ததும் ஒரு சரிபார்ப்பான் முழு நிரலையும் படிக்கும். குறிப்பும் நடப்பும் ஒத்துவராத இடத்தில் சிவப்புக் கோடு போடும். அது நிரலை ஓட்டாது, படிக்க மட்டும் செய்யும். நாம் குறிப்பில் என்ன எழுதுகிறோமோ அதை அப்படியே நம்பும்.

கருவி நல்ல கருவிதான், அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் நல்ல கத்தியைக் கொடுத்தால் அதில் பல் குத்துகிறவர்கள் எங்கள் ஆட்கள். அந்தச் சரிபார்ப்பானுக்கு ஹாகிம், அதாவது நீதிபதி, என்று பெயர் வைத்தார்கள். அது இருந்த கணினிக்கு வெள்ளை லேஸ் துணி போர்த்தினார்கள். திங்கட்கிழமை காலைக் கொடியணிவகுப்பில், தேசிய கீதம் முடிந்ததும், எந்தப் பிரிவில் எத்தனை சிவப்புக் கோடு என்று ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது. கோடு அதிகம் உள்ள பிரிவு வெயிலில் கடைசிவரை நின்றது. குறிப்பு எழுதுகிற வெறி நிரலோடு நிற்கவில்லை. குடிநீர்த் தொட்டியில் ‘திரவம்’ என்று சீட்டு ஒட்டினார்கள். மாடிப்படியில் ‘ஏற அல்லது இறங்க’ என்று ஒட்டினார்கள். ஒருநாள் படி ஈரமாக இருந்து கணக்குப் பிரிவுப் பெண் உருண்டு விழுந்தாள். அவள் படியைக் குறிப்புக்கு மாறாகப் பயன்படுத்தியதாக விளக்கம் கேட்டார்கள்.

பிறகு தலைவருக்கு வெறுமையின் மேல் கோபம் வந்தது. ஒரு பெட்டி காலியாகவும் இருக்கலாம் என்றால் ‘எழுத்து, அல்லது வெறுமை’ என்று குறிப்பு எழுத வேண்டும். அப்படி எழுதினால், காலியாக இருந்தால் என்ன செய்வாய் என்று ஹாகிம் ஒவ்வொரு இடத்திலும் கேட்கும். பதில் எழுதவில்லையென்றால் சிவப்பு.

“காலிங்கறது சோம்பேறித்தனம்” என்றார் தலைவர், கொடிக்கம்பத்தின் கீழே நின்று. “வளர்ந்த நாட்டுல எந்தப் பெட்டியும் காலியா இருக்கறதில்ல. இன்னையிலேர்ந்து நம்ம வாரியத்துல வெறுமை கிடையாது. நான் ஒழிச்சுட்டேன்.”

கைதட்டினோம். அன்று மதியமே முதல் பலன் தெரிந்தது. நோயாளி விவரத்தில் ‘இறந்த தேதி’ என்று ஒரு பெட்டி இருந்தது. உயிரோடு இருக்கிறவர்களுக்கெல்லாம் அது காலியாக இருந்தது. உயிரோடு இருக்கிறவர்களின் இந்த அலட்சியத்தைத் திருத்த முடியாது என்பதால் அந்தப் பெட்டியையே எடுத்துவிட்டார்கள். ‘பின்பெயர்’ என்ற பெட்டியை எடுக்க முடியவில்லை, ஏனென்றால் பட்டியலை அதை வைத்துத்தான் வரிசைப்படுத்தினார்கள். ஆகவே அதன் பக்கத்தில் ‘எழுத்து’ என்று எழுதி, அதோடு விட்டார்கள். ஹாகிம் படித்தது. நம்பியது. ஒரு கோடுகூடப் போடவில்லை.

ஜாவாவில் கல்லை விட்டெறிந்தால் ஒற்றைப் பெயர்க்காரன் தலையில் விழும். ஹர்தோயோவுக்கு ஒரே பெயர். அவன் அப்பா சகிமினுக்கு ஒரே பெயர். அந்தப் பெரியவர் ஜோஹார் சந்தைப் பக்கம் வாழ்நாள் முழுக்க பெச்சா என்கிற சைக்கிள் ரிக்ஷா மிதித்தவர். இப்போது சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் மூச்சு ஓடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஹர்தோயோ அப்பாவை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது தாதி யூலியாத்தி பட்டியலை மேலும் கீழும் பார்த்தாள்.

“பாக் சகிமின் பேரு இல்லையே, மாஸ்.”

“நான் இங்கதானம்மா நிக்கிறேன்” என்றார் சகிமின்.

“நிக்கிறீங்க பாக். லிஸ்ட்ல இல்ல. லிஸ்ட்ல இருந்து நீங்க வரலேன்னா நான் போன் பண்ணிக் கூப்பிடலாம். வந்து லிஸ்ட்ல இல்லேன்னா நான் என்ன பண்றது?”

அவள் இரக்கமுள்ள பெண். பட்டியலில் இருந்த ஒருவர் வராததால் அந்த நாற்காலியில் பெரியவரை உட்கார வைத்தாள். பெஞ்சில் இன்னும் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஒற்றைப் பெயர்க்காரர்கள் என்பதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

ஹர்தோயோ அலுவலகத்துக்கு வந்து ஒரு காரியம் செய்தான். நிரலை ஓட்டிப் பார்த்தான். எங்கள் கட்டடத்தில் அது கொஞ்சம் அசிங்கமான செயல், ஆகவே திரையை என் பக்கம் திருப்பாமல் செய்தான். அப்பாவின் பெயர் வந்ததும் நிரல் பின்பெயரின் முதல் எழுத்தைத் தேடியது. எழுத்தே இல்லை. தடுக்கி விழுந்தது. விழுந்த சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்து நிரலை ஓட்டுகிற ஓட்டப் பிரிவு ஏற்கெனவே ஓர் ஏற்பாடு செய்திருந்தது. யாராவது தடுக்கினால் அந்த ஆளை விட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும். சகிமின் விடப்பட்டார். ஒற்றைப் பெயர்க்காரர்கள் எல்லாரும் விடப்பட்டார்கள்.

“இது சின்ன விஷயம்தான்” என்று என்னிடம் சொன்னான் ஹர்தோயோ. “குறிப்புல பொய் எழுதியிருக்காங்க. உண்மைய எழுதிட்டா எங்கெங்க உடையும்னு ஹாகிமே காட்டிக்கொடுத்துடும். மத்தியானத்துக்குள்ள சரி பண்ணிடலாம்.”

‘எழுத்து’ என்று இருந்த இடத்தில் ‘எழுத்து, அல்லது வெறுமை’ என்று எழுதினான். ஹாகிமுக்கு அன்றுதான் கண் திறந்தது. பட்டியல், ரசீது, மருந்துச்சீட்டு என்று நிரல் நெடுக ஏகப்பட்ட சிவப்புக் கோடுகள். எந்த வரியில் யாரைக் கவனிக்காமல் விட்டீர்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னது. ஹர்தோயோ சந்தோஷமாக ஒவ்வொன்றாகச் சரிசெய்ய உட்கார்ந்தான். பாதிகூட முடியவில்லை, மாடியிலிருந்து ஆள் வந்துவிட்டது.

உள்ளதைச் சொன்னால் நொள்ளைக் கண்ணனுக்கு நோப்பாளம். தலைவர் அறையில் தலைவரும், மௌனப் பிரிவின் தலைவி பு ரெத்னாநிங்சியும் இருந்தார்கள். நடந்த பேச்சை ஹர்தோயோ எனக்கு வார்த்தை மாறாமல் சொன்னான்.

“நேத்து வரைக்கும் இந்த வாரியத்துல ஒரு சிவப்புக் கோடு கிடையாது” என்றார் தலைவர். “இன்னிக்கு ஒரே ஆளு இத்தனை தப்ப உண்டாக்கியிருக்கே. எப்படிய்யா முடிஞ்சுது?”

“நான் உண்டாக்கல பாக். முன்னாடியே இருந்ததுதான். உண்மைய எழுதினதும் ஹாகிம் காட்டுது.”

“முன்னாடி ஏன் காட்டல?”

“முன்னாடி அதுகிட்ட நாம பொய் சொல்லியிருந்தோம்.”

“அது நம்புச்சா?”

“நம்புச்சு பாக்.”

“அப்புறம் என்ன? நீதிபதியே நம்பினதுக்கு அப்புறம் சந்தேகப்பட நீ யாரு?”

ஹர்தோயோ தன் அப்பாவைப் பற்றிச் சொன்னான். நாற்காலியைப் பற்றிச் சொன்னான். நிரலை ஓட்டினால் அவர் பெயரில் விழுகிறது என்று சொன்னான்.

“ஓட்டினியா?” என்றார் தலைவர், மகள் ஓடிப்போன செய்தியைக் கேட்கிறவர் மாதிரி. “தம்பி, நாம ஓட்டற ஆளுங்க இல்ல. படிக்கற ஆளுங்க. ஓட்டும்போது ஆயிரம் நடக்கும். மழை பெய்யும், கரண்ட் போகும், ஆளு சாவான். அதுக்கெல்லாம் நாம பொறுப்பேத்துக்கிட்டா ஒழுங்குன்னு ஒண்ணு எப்படி இருக்கும்? அதோட, இந்தக் காலத்துல ஒரே பேரோட எவன் இருக்கான்?”

“எங்கப்பா இருக்கார். நான் இருக்கேன். நீங்களும் இருக்கீங்க பாக்.”

பு ரெத்னாநிங்சி தன் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தாள். தலைவர் கோபப்படவில்லை. மேசைமேல் இருந்த தேக்குப் பெயர்ப்பலகையை அவன் பக்கம் திருப்பினார். டாக்டர் இஞ்சினியர் ஹாஜி ஜத்மிகோ, எம்.டி., எம்.எம். என்று அதில் செதுக்கியிருந்தது.

“பின்பெயர் பெட்டில எனக்கு எம்.எம். பட்டம் இருக்கு. சனி ஞாயிறு வகுப்புக்குப் போய் கஷ்டப்பட்டு வாங்கினது. ஹாகிம் ஒரு வார்த்தை கேட்கல. உங்கப்பாவும் ஒண்ணு வாங்கிக்கட்டும். படிக்கறதுக்கு வயசு ஏது?”

பு ரெத்னாநிங்சி அவனைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் தேநீர் கொடுத்தாள். ஹாகிமின் வாயை அடைக்கிறதுதான் அவள் வேலை. ஒரு வரியின் ஓரத்தில் ‘இங்கே பார்க்காதே’ என்று எழுதினால் ஹாகிம் அந்த வரியைப் பார்க்காது. அதற்கு அனுமதி வேண்டும்.

“இந்த வருஷ அனுமதியெல்லாம் தீர்ந்துபோச்சு மாஸ். தலைவர் எழுதின நிரலுக்கே சரியாப் போச்சு. ‘எதுவானாலும்’னு ஒரு குறிப்பு இருக்கு, அதப் போட்டா ஹாகிம் கேள்வியே கேட்காது. ஆனா அது மேல்நிலை அதிகாரிங்களுக்கு மட்டும். கீழ இருக்கறவங்க என்னன்னு தெளிவா இருக்கணும். உங்களுக்கு ஒரு வழி சொல்றேன். அப்பா பேரையே ரெண்டு தடவை போட்டுடுங்க. சகிமின் சகிமின். என்ன குறைஞ்சு போச்சு?”

அவன் அப்படியே செய்தான். அந்த வாரம் பட்டியலில் பெயர் வந்தது. ஆனால் மருத்துவமனைக் காப்பீட்டு ஜன்னலில் இருந்தவன் அடையாள அட்டையைப் பார்த்தான், பட்டியலைப் பார்த்தான்.

“அட்டையில ஒரு சகிமின்தான் இருக்காரு. லிஸ்ட்ல ரெண்டு. மத்தவரு யாரு?”

“ரெண்டும் இவருதான்.”

“அப்ப ரெண்டு நாற்காலி கேட்பீங்களா?”

இரண்டாவது சகிமினை அழிக்க வேண்டியதாயிற்று. அட்டையிலேயே மாற்றலாம் என்று போனால், பதிவு அலுவலகத்தில் பெயர் மாற்ற நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்றார்கள். நீதிமன்றத்தில் லெபாரான் பண்டிகைக்குப் பிறகு வரச் சொன்னார்கள். லெபாரானுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. பெரியவருக்கு அவ்வளவு அவகாசம் இல்லை என்பது அவர் பாதத்தைப் பார்த்தாலே தெரிந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போயிருந்தேன். அவர் வாசலில் உட்கார்ந்து டெம்பேயை, பொரித்த சோயா வில்லையை, முகர்ந்துகொண்டிருந்தார். சாப்பிட அனுமதி இல்லை.

“ஒரு பேர வச்சுக்கிட்டுத்தான் ஊர் முழுக்க மிதிச்சேன்” என்றார். “எவனும் ரெண்டாவது பேரு கேட்கல. வாடகையிலதான் பேரம் பேசினானுங்க.”

“தலைவர் உங்களப் பட்டம் வாங்கச் சொல்றார் பா” என்றான் ஹர்தோயோ. சிரிக்க வைக்கத்தான் சொன்னான்.

“ஹாஜி ஆகட்டுமா?”

“அது முன்னாடி வரும். பின்னாடி வர்றது வேணும்.”

பெரியவர் டெம்பேயைத் தட்டில் வைத்தார். “நம்மள மாதிரி ஆளுங்களுக்கும் பின்னாடி வர்ற பட்டம் ஒண்ணு இருக்குடா. அல்மர்ஹூம். படிக்க வேண்டாம், பரீட்சை வேண்டாம், எல்லாரும் பாஸ்” என்றார். செத்தவர் பெயரோடு இங்கே எல்லாரும் சேர்த்து எழுதுகிற மரியாதைச் சொல் அது. அவர் மட்டும் சிரித்தார்.

வாரியத்தில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. ஹர்தோயோ சேர்த்திருந்த ‘அல்லது வெறுமை’ என்ற இரண்டு சொற்களைப் பு ரெத்னாநிங்சி ஒரே தட்டில் அழித்தாள். சிவப்புக் கோடுகள் மாயமாக மறைந்தன. தவறுகளை உண்டாக்கும் ஆள் என்பதால் அவனை நிரல் பக்கம் விடாமல், மேசை நாற்காலிகளில் சீட்டு சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற வேலைக்கு மாற்றினார்கள். அவனுடைய பழைய நாற்காலியிலேயே ‘உட்கார’ என்று அவன் கையால் ஒட்ட வேண்டியிருந்தது. மருத்துவமனைகளில் காத்திருக்கும் நேரம் பாதியாகக் குறைந்துவிட்டதாக அறிக்கை வந்தது. குறையாதா பின்னே? பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

ஜகார்த்தாவிலிருந்து பரிசு கொடுக்க ஆட்கள் வந்தார்கள். மஞ்சள் சோற்றை மலைபோலக் குவித்து, உச்சியில் மிளகாய் செருகி, நடுக்கூடத்தில் வைத்தார்கள். சோற்றில் ‘உணவு’ என்று சீட்டு இருந்தது.

“சிலர் கேட்கறாங்க” என்று தலைவர் பேச ஆரம்பித்தார், ஹர்தோயோ இருந்த திசையைப் பார்க்காமல். “நிரல் சரியா ஓடுதான்னு கேட்கறாங்க. நான் சொல்றேன், ஓடறது முக்கியமில்ல. ஓடறதுக்கு முன்னாடியே சரியா இருக்கறதுதான் முக்கியம். ஒரு மனுஷன் சாகறதுக்கு முன்னாடியே அவனுக்கு எந்தக் குறையும் இல்லேன்னு சொல்ல முடியணும். அதுதான் தரம்.”

அந்த இடத்தில் ஹர்தோயோவின் போன் அடித்தது. விருந்தினர் முன்னால் போனை அணைத்து வைக்கும்படி பு ரெத்னாநிங்சி சைகை செய்தாள். அணைத்தான். மறுபடி போட்டபோது பரிசு வாங்கியாகி, படம் எடுத்தாகி, சோற்று மலையின் உச்சியும் வெட்டியாகியிருந்தது. அழைத்தது தாதி யூலியாத்தி. அன்று தணிக்கை நடந்ததால் பட்டியலில் இல்லாத யாரையும் நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது என்று உத்தரவு. பக்கத்து வீட்டுக்காரன் கூட்டிவந்து விட்ட பெரியவர், நான்கு நாற்காலிகள் காலியாக இருந்த அறைக்கு வெளியே, பெஞ்சில் சாய்ந்தபடியே போய்விட்டார். ஒரு நாற்காலி போதும் அவருக்கு. அதைக் கொடுக்க யாருக்கும் மனம் இல்லாமல் இல்லை, அனுமதி இல்லை.

துக்க வீட்டுக்கு வாரியம் பெரிய பூப்பலகை அனுப்பியது. ‘துக்கத்தில் பங்கேற்கிறோம்’ என்ற வரிக்குக் கீழே, தலைவரின் பெயரும் பட்டங்களும் சிவப்புப் பூவில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை இருந்தன. மீதி இருந்த மூலையில் அல்மர்ஹூமைச் சுருக்கி ‘சகிமின், அல்ம்.’ என்று சின்னதாக ஒட்டியிருந்தார்கள்.

மருத்துவமனைக் குமாஸ்தாவுக்கும் இறப்பைப் பதிய வேண்டிய கடமை இருந்தது. இறந்த தேதி என்ற பெட்டியைத் தேடினான். இல்லை. எல்லாரும் செய்கிறதைச் செய்தான். பெயருக்குப் பின்னால், காலியாக இருந்த பெட்டியில், ‘அல்ம்.’ என்று தட்டினான்.

அடுத்த வாரம் ஹர்தோயோவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. ‘மதிப்பிற்குரிய சகிமின் அல்ம். அவர்களே, செவ்வாய் காலை உங்களுக்கு நாற்காலி ஒதுக்கப்பட்டுள்ளது. தாமதிக்காமல் வரவும்.’ வெள்ளிக்கு ஒன்று. மறு செவ்வாய்க்கு ஒன்று. அவன் போனைத் தலைவரின் மேசைமேல் வைத்தான்.

தலைவர் இரண்டு தடவை படித்தார். அவர் முகம் மலர்ந்தது. திங்கட்கிழமை அணிவகுப்பில் அதை ஒலிபெருக்கியில் வாசித்தார்.

“நம்ம ஊழியர் ஒருத்தர் தன் தகப்பனாருக்கு நாற்காலி கிடைக்கலேன்னு கவலைப்பட்டார். இன்னிக்குக் கிடைச்சிருக்கு. நிரல்ல ஒரு எழுத்து மாத்தல. பொறுமையா இருந்தா போதும், நம்ம அமைப்பு யாரையும் கைவிடாதுங்கறதுக்கு இது சாட்சி. தகப்பனார் இன்னும் போய் உட்காரலேன்னு கேள்விப்பட்டேன். அது அவரோட ஒழுங்கு சம்பந்தப்பட்ட விஷயம்.”

கைதட்டினார்கள். ஹர்தோயோ தட்டவில்லை. சீட்டு ஒட்டுகிற பசை அவன் கையில் காய்ந்திருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் லீவு போட்டான். கேட்காமலே நானும் கூடப் போனேன். டயாலிசிஸ் அறைக்கு வெளியே பெஞ்சில் வழக்கமான ஒற்றைப் பெயர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்பைவிடக் குறைவு. அதில் ஙாடினா என்ற மீன் சந்தைக்காரர், கால் யானைக்கால் மாதிரி வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். ஹர்தோயோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் அடையாள அட்டையை அவர் கையில் வைத்தான்.

“பேரு கூப்பிட்டா எழுந்து போங்க பாக்.”

அவர் அட்டையைப் பார்த்தார். “இது உங்கப்பா இல்ல? போயிட்டாரே.”

“ஆமா. அதனாலதான் அவருக்கு இடம் கிடைச்சிருக்கு.”

காப்பீட்டு ஜன்னல்காரன் அட்டையையும் பட்டியலையும் பார்த்தான். அல்ம். என்பது மரியாதை, பெயரில் சேராது, ஆகவே இடிக்கவில்லை. முத்திரை குத்தினான். யூலியாத்தி பட்டியலோடு வாசலுக்கு வந்தாள். ஹர்தோயோவைப் பார்த்தாள், அவனுக்குப் பக்கத்தில் இருந்த முகத்தைப் பார்த்தாள். பட்டியலில் ஒரு பெயருக்கு நேரே பேனாவால் டிக் அடித்தாள்.

“சகிமின், அல்மர்ஹூம்” என்று கூப்பிட்டாள்.

மீன்காரர் சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தார்.

“இருக்கேன்மா” என்றார்.